காலடியில் சூடான டின்கள்

எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு கடை இருக்கிறது. அந்தக் கடைக்கு ஆள் இல்லை, கதவு இல்லை, கூரையும் இல்லை. பெரிய இரும்பு அலுமாரி ஒன்று மதிலோடு ஒட்டி, பாதி பனிக்குள் புதைந்தபடி, பட்டப்பகலிலும் விளக்கெரிய உறுமிக்கொண்டு நிற்கும். காசைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் அடிவயிற்றில் எதையோ தடாரென்று தள்ளிவிடும். கையை விட்டு எடுத்தால் சுடச்சுடத் தேநீர், கோப்பி, சோளச் சூப். ஜப்பானியர்கள் இதை ஜிடோஹன்பாய்கி என்பார்கள். வாய் நோகுமென்றோ என்னவோ, ஜிஹன்கி என்று சுருக்கியும் சொல்வார்கள். சுற்றிவர வயல்வெளி, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு குருவியும் இல்லை, அங்கேயும் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கும். இதை முதன்முதலில் ஊருக்குப் படம் பிடித்து அனுப்பியபோது, வன்னியில், துணுக்காயில் இருக்கும் என் அப்பா, மாடு முதுகு தேய்க்காதா என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்த அலுமாரியைக் கண்டால் பயம்.

முதலில் அந்தத் தடார். ஜப்பானியர் காதில் அது விழுவதே இல்லை. என் உடம்போ அந்தச் சத்தத்துக்குத் தானாகவே குனிந்துவிடும். நான் குனிய வேண்டுமென்று நினைப்பதற்கு முன்பே முழங்கால் மடிந்திருக்கும். ஒருமுறை பஸ் தரிப்பிடத்தில் பக்கத்தில் நின்ற பள்ளி மாணவி கோப்பி எடுத்தாள். நான் பொத்தென்று குந்திவிட்டேன். எதையோ விழுத்திவிட்டேன் என்று நினைத்து அவளும் என்னோடு குந்தி நிலத்தில் தேடத் தொடங்கினாள். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். மரியாதைக்குச் சொல்கிறேன் என்று எண்ணினாளோ தெரியாது, கையுறையைக் கழற்றிவிட்டு இன்னும் தீவிரமாகத் தேடினாள். பஸ் வந்த பிறகுதான் விட்டாள். போகும்போது, கண்டுபிடிக்க முடியாமற் போனதற்காக என்னிடம் மன்னிப்பும் கேட்டாள்.

அடுத்தது நிறம். கண்ணாடிக்குள் மாதிரி டின்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பட்டி ஒட்டியிருக்கும். சில நீலம், சில சிவப்பு. எழுத்து வாசிக்கத் தெரியாத காலம் அது. வன்னியில் வளர்ந்த பிள்ளைக்குச் சிவப்பென்றால் என்னவென்று வாசித்துக் காட்டத் தேவையில்லை. சிவப்புப் பலகை, சிவப்பு நாடா, நுனியில் சிவப்பு பூசிய தடி, எதுவாக இருந்தாலும் அதற்கு அங்காலே கால் வைக்கக் கூடாது. ஆகவே முதல் மாரி முழுவதும் நீலத்தையே அழுத்தினேன். வெளியே பனி கொட்ட, பல் கிட்டிப்போக, ஐஸ் போன்ற தேநீரைக் குடித்துவிட்டு, இந்தச் சனம் எப்படித்தான் இதைக் குடிக்கிறதோ என்று வியந்தேன். கடைசியில் இவர்தான் கண்டுபிடித்தார். என் கணவரை நான் இவர் என்றுதான் சொல்வேன், எழுதும்போதும் அப்படியே வருகிறது. சிவப்பென்றால் அத்தத்தகாய், சூடு. நீலமென்றால் ட்சுமெத்தாய், குளிர் என்றார். அத்தத்தகாய் எந்த மாதிரிக் காய், கறி வைக்கலாமா என்று கேட்டேன். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

இவர் நெளுக்குளத்தைச் சேர்ந்தவர். மொழி படிக்கவென்று வந்து, இப்போது பழைய வாகனங்களைக் கழற்றிப் பாகம் பாகமாக ஏற்றுமதி செய்யும் ஒரு முற்றத்தில் வேலை செய்கிறார். நான் காலையில் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலைக்குப் போய் மதியம் திரும்புவேன். என் அப்பா அம்மா மலையகத்துத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். வீட்டில் அப்பா ஆமா என்பார், பள்ளிக்கூடத்தில் நான் ஓம் என்பேன். எங்களை அங்கே வந்தான் வரத்தான் என்று சொன்னவர்களும் உண்டு. இங்கே அதைச் சொல்ல ஒருவரும் இல்லை, எல்லோருக்கும் நாங்கள் வெளிநாட்டவர், அவ்வளவுதான். ஒரு வகையில் அது நிம்மதியாகவும் இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள், பெயர் நிலா. ஜப்பானியரின் நாக்கில் ல வராது, ஆகவே நிரா என்பார்கள். நிரா என்பது கடையில் கட்டாகக் கட்டி விற்கும் ஒரு பூண்டு இலை. வகுப்பில் முதல் நாளே பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிக்க, அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள். பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் ச்சான் சேர்ப்பது வழக்கம். எனக்கு மச்சான் என்று யாரோ கூப்பிடுவது போலவே கேட்கும். நிராச்சான், நிராச்சான் என்று அவளைக் கூப்பிட்டால் சட்டென்று திரும்புவாள். நான் நிலா என்றால் சில நேரம் இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருக்கும்.

இந்த நாட்டில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் தனியாகத்தான் பள்ளிக்கு நடந்துபோக வேண்டும். கூட்டிக்கொண்டு போய்விட்டால் பிள்ளை பழகாது என்று ஆசிரியை சொன்னார். முதுகில் தோலினால் செய்த கனத்த பை, தலையில் மஞ்சள் தொப்பி, ஏழு வயது. காலையில் நாலைந்து பிள்ளைகள் ஒன்றாகப் போவார்கள், பின்னேரம் அவரவர் பாட்டில் வருவார்கள். இதைக் கேட்ட நாளிலிருந்து பின்னேரமானால் யன்னலடியிலேயே நின்றேன். கப்பல் ஏறிப் போன பிள்ளைக்குக் காத்திருப்பது போல ஒவ்வொரு நாளும் அவளைப் பார்த்திருந்தேன். வேறொன்றும் செய்யத் தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பயம் வந்தால், பாதை தெரியாவிட்டால், நின்ற இடத்திலேயே நில். ஒரு அடியும் வைக்காதே. கீழே கிடக்கிற டின், இரும்பு எதையும் தொடாதே. அம்மா வந்து கையைப் பிடிக்கும்வரை அசையாதே. தினமும் காலையில் சப்பாத்து மாட்டும்போது ஒருதரம் சொல்லவைப்பேன். தேவாரம் போல ஒப்புவித்துவிட்டு ஓடுவாள்.

இந்தப் பாடம் எனக்கு எங்கிருந்து வந்ததென்பது வன்னியில் இருந்து வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கண்ணிவெடிப் படங்களோடும் பிளாஸ்டிக் மாதிரிகளோடும் வந்து சொல்லித்தந்தார்கள். தொடாதே, கிட்டப் போகாதே, உள்ளே போய்விட்டால் அசையாமல் நின்று கூப்பிடு. நாங்கள் மாதிரிகளைப் பார்த்து, இது சவர்க்காரப் பெட்டி போல இருக்கிறது, அது மீன் டின் போல இருக்கிறது என்று சிரித்துக்கொண்டிருந்தோம்.

போர் முடிந்து, முகாமில் இருந்து, திரும்பவும் எங்கள் காணிக்கு வந்த வருடம் எனக்குப் பதினேழு வயது. வீடு இல்லை, தகரக் கொட்டில்தான். கன்றுக்குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு காணிக்குப் பின்னால் இருந்த பற்றைக்குள் ஓடியது. நான் பின்னாலே ஓடினேன். கன்று ஒரு பக்கத்தால் வெளியே போய்விட்டது. மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது முன்னால் ஒரு பலகை தெரிந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, வெறும் பலகை. ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று யோசித்தேன். பிறகு விளங்கியது. எச்சரிக்கை மண்டையோட்டுப் படம் அங்கால் பக்கம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது பலகையின் முதுகை. பலகை நட்டிராத பக்கத்தால் உள்ளே வந்து, உள்ளே நிற்கிறேன்.

கூப்பிட்டேன். அப்பா ஓடி வந்து பலகைக்கு அந்தப் பக்கம் நின்றார். அவர் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை. "அசையாத புள்ள. அப்பா இங்கனதான் நிக்கிறேன்" என்றார். அதன்பிறகு நின்றபடியே கதை சொல்லத் தொடங்கினார். தோட்டத்தில் லயத்துக் கூரை ஒழுகிய கதை, கங்காணி வழுக்கி விழுந்த கதை, வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னார். நான் இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். கால் நடுங்கினால் அதற்கும் வெடிக்குமோ என்று பயந்தேன். வெயில் சரிந்துகொண்டிருந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிற ஒரு அக்கா முகக்கவசம் போட்டு, நிலத்தைக் குத்திக் குத்திப் பார்த்தபடி என்னிடம் வந்து சேர்ந்தாள். "தங்கச்சி, இனி என்ரை பின்னாலை வாரும்" என்றாள். வெளியே வந்ததும் அப்பா என்னை அடித்தார், பிறகு அழுதார். நான் வந்த வழியில் இரண்டு வெடிகளை எடுத்ததாகப் பிறகு அறிந்தோம். அசையாமல் நின்றபடியால்தான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே அந்தப் பாடத்தில் எனக்கு இருந்த நம்பிக்கை கோயில் நம்பிக்கைக்குக் குறைந்ததல்ல.

போன தை மாதம் ஒரு நாள். காலையில் தூறலாகத் தொடங்கிய பனி மதியத்துக்குப் பிறகு அள்ளிக் கொட்டியது. நாங்கள் இருக்கும் ஊர் ஜப்பானின் மேற்குக் கரையில் இருக்கிறது. கடற்காற்று கொண்டுவருவதெல்லாம் எங்கள் தலையிலேதான் விழும். பள்ளியில் இருந்து பிள்ளைகளை நேரத்தோடு அனுப்புகிறோம் என்று கைபேசிக்குச் செய்தி வந்திருக்கிறது. கைபேசி குசினியில் கிடந்தது, நான் தொழிற்சாலையில் இருந்து வந்த அலுப்பில் கண்ணயர்ந்துவிட்டேன். எழும்பிச் செய்தியைப் பார்த்தபோது நிலா வந்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்திருந்தது. வாசலில் அவளுடைய சப்பாத்து இல்லை. பள்ளிக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் போய்விட்டார்கள், ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். யன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியவில்லை, வெள்ளை மட்டும்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு யோஷிடா-சான் என் வயதுக்காரி. அவளுடைய மகள் ஹனாவும் நிலாவும் ஒரே வகுப்பு. அன்றைக்கு ஹனாவுக்குக் காய்ச்சல், அதனால் பள்ளிக்குப் போகவில்லை. இல்லாவிட்டால் இருவரும் கைகோர்த்துக்கொண்டு வந்திருப்பார்கள். நான் செருப்போடு ஓடிப்போய் அவளுடைய கதவைத் தட்டினேன். பிள்ளையைக் காணவில்லை என்று சொல்ல வேண்டும். காணவில்லை என்பதற்கு எனக்குச் சொல் வரவில்லை. பிள்ளை கொதோமோ, இல்லை இமாசென். இரண்டையும் சேர்த்து, "கொதோமோ இமாசென்" என்றேன். அவள் விழித்தாள். திரும்பவும் சொன்னேன், சத்தமாகச் சொன்னேன். அந்த வாக்கியத்துக்கு எனக்குப் பிள்ளைகள் கிடையாது என்று பொருளாம். பிள்ளையில்லாதவள் தன்னைப் பற்றிச் சொல்லும் வாக்கியம் அது. பனியில் தலைவிரி கோலமாக நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் எனக்குப் பிள்ளையில்லை, எனக்குப் பிள்ளையில்லை என்று நான் கத்தியிருக்கிறேன். இதை இவர்தான் பிறகு எனக்கு விளங்கப்படுத்தினார்.

யோஷிடா-சானுக்கு என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் ஓடவில்லை. அவள் வாசற்படியிலேயே நின்றேன். ஓட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது, கால் எழும்பவில்லை. அவள் திரும்பி வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் காருக்குள் தள்ளினாள்.

கண்ணாடியை இறக்கிவிட்டு நிலா, நிலா என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். யோஷிடா-சான் தன் பக்கத்தால் நிராச்சான் என்று கூப்பிட்டாள். பனிக்குள் சத்தம் போகாது. வாயிலிருந்து வெளியே வந்ததும் பஞ்சில் விழுந்தது போல அமுங்கிவிடும். வழக்கமான ஒழுங்கையைப் பனி அள்ளும் வண்டி மூடிக் குவித்திருந்தது, பிள்ளை வேறு பக்கத்தால் திரும்பியிருக்கிறாள். எல்லா வீதியும் ஒரே மாதிரி, எல்லா மதிலும் ஒரே வெள்ளை. காணாமற்போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரத்தில் வருடக்கணக்காக இருக்கும் அம்மாமாரை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நானும் அவர்களைத் தாண்டிப் பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்தக் காருக்குள் என் மனம், நிலாவின் படங்களில் எதை எடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தது. மஞ்சள் தொப்பியோடு சிரிக்கிற படமா, பிறந்தநாள் படமா. இப்படி யோசிக்கிறேனே என்று என்னையே அறைய வேண்டும் போல் இருந்தது, ஆனாலும் மனம் நிற்கவில்லை.

பள்ளிக்கு மறுபக்கம், நாங்கள் ஒருநாளும் போகாத ஒரு வீதியில், பனிக்குள் ஒரு ஜிஹன்கியின் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு முன்னால் டின் ஏற்றி வரும் சிறிய லொறி நின்றது. சீருடை போட்ட ஒரு மனிதர், தான் நனைந்துகொண்டு, குடையை முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார். குடைக்குக் கீழே மஞ்சள் தொப்பி.

கார் நிற்க முன்னமே கதவைத் திறந்து இறங்கினேன். நிலா இரண்டு காலையும் ஒட்டி வைத்து, கையை உடம்போடு சேர்த்து நின்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவளுடைய கால்களைச் சுற்றிப் பனியில் வட்டமாக டின்கள் நின்றன. ஒவ்வொரு டின்னைச் சுற்றியும் பனி உருகிக் குழி விழுந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள்.

"அம்மா, கிட்ட வராதேங்கோ. என்னைச் சுத்தி டின் வைச்சிருக்கு."

நான் நின்றுவிட்டேன். இதை வெட்கப்படாமல் எழுதுகிறேன், நான் உண்மையிலேயே நின்றுவிட்டேன். அந்த ஒரு கணம் அது ஜப்பான் அல்ல. என் பிள்ளை உள்ளே நிற்கிறாள், நான் பலகைக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். அப்பாவின் முகம் அன்றைக்கு ஏன் அப்படி இருந்ததென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் ஒரு அடியும் வைக்கேல்லை அம்மா. அந்த அங்கிள் கூப்பிட்டவர், நான் போகேல்லை. தரத்தர நான் தொடேல்லை" என்றாள். பல் அடித்துக்கொண்டதால் சொற்கள் உடைந்து வந்தன.

கால் எழும்பியது. எப்படியென்று தெரியாது, ஆனால் எழும்பியது. வட்டத்துக்குக் கிட்டப் போய்க் குந்தி ஒரு டின்னை எடுத்தேன். கை சுட்டது. மூடியைத் திறந்து அவள் பார்க்க ஒரு வாய் குடித்தேன். "இது வெடி இல்லையம்மா. சோளச் சூப். அந்த ஐயா உனக்குக் குளிருமெண்டு வைச்சவர்" என்றேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் விழுங்கி முடித்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதிப்படுத்திய பிறகுதான் என்மேல் சாய்ந்தாள். மரக்கட்டை போல விறைத்திருந்தாள்.

நடந்ததை அந்த மனிதர் யோஷிடா-சானிடம் சொல்ல, அவள் எனக்காக மெதுவாகத் திரும்பச் சொன்னாள். இயந்திரத்துக்கு டின் நிரப்ப வந்தவர் அவர். பிள்ளை ஏற்கெனவே அங்கே நின்றிருக்கிறாள். பேர் கேட்டார், வீடு கேட்டார், பதில் இல்லை. லொறிக்குள் வந்து இரு என்றார், அசையவில்லை. தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், ஆனால் தெரியாத ஆண் ஒருவன் ஒரு சிறுமியைத் தூக்கி லொறியில் ஏற்றுவதை யாரும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று பயந்தாராம். பொலிசுக்கு அறிவித்து, அவர்கள் பனிக்குள் வந்துசேரும்வரை சூடான சூப் டின்னைக் கையில் கொடுக்கப் பார்த்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சரி, கையில் வாங்காவிட்டால் காலுக்காவது சூடு படட்டும் என்று சுற்றிவர அடுக்கியிருக்கிறார். ஆறியதும் எடுத்துவிட்டு, இயந்திரத்தைத் திறந்து வேறு சூடான டின்களை வைத்திருக்கிறார். ஒவ்வொரு டின்னாக வைக்க வைக்கப் பிள்ளையின் முகம் ஏன் இன்னும் இன்னும் வெளிறிப்போனதென்று தனக்கு விளங்கவில்லை என்றார். நான் நன்றி சொல்ல வாயெடுக்க முன் அவர் இடுப்பை மடித்து, பயப்படுத்திவிட்டேன், சுமிமாசென், சுமிமாசென் என்று மன்னிப்புக் கேட்டார். நானும் சுமிமாசென் என்றேன். இருவரும் மாறி மாறிக் குனிந்துகொண்டு நின்றோம். அந்த இடத்தில் பயப்படாமல் நின்றது அந்த அலுமாரி ஒன்றுதான்.

வைத்தியர் அவளுடைய கால்விரல்களை வெந்நீரில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிறம் வர நேரம் எடுத்தது. இன்னும் சற்று நேரம் அப்படியே நின்றிருந்தால் விரல்களைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்றார். பனியில் நிற்பதுதான் ஆபத்து, நடக்க வேண்டும், வெளிச்சம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும், இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியுமே, ஏன் நின்றாள் என்று கேட்டார். வேலைத்தளத்திலிருந்து ஓடி வந்திருந்த இவர் அதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சொல்லும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை வகுப்பாசிரியை வீட்டுக்கு வந்தார். இளம் பெண், பல்கலைக்கழகம் முடித்துக் கனகாலம் ஆகியிராது. அவரும் அதே கேள்வியைக் கேட்டார், ஏன் அசையாமல் நின்றாள். இம்முறை சொல்லை முன்கூட்டியே தேடி வைத்திருந்தேன். கண்ணிவெடிக்கு ஜப்பானிய மொழியில் ஜிராய். "ஜிராய்" என்றேன். அவர் முகம் சிவந்து, வாயைப் பொத்திக்கொண்டு, இதைப் பற்றி இனிமேல் கேட்க மாட்டேன், அறியாமல் கேட்டுவிட்டேன் என்று சொல்லிக் கதையை மாற்றிவிட்டார். இங்கத்தைய இளம் ஆட்கள் ஒருவரிடம் எடுக்கக் கூடாத கதைக்கும் ஜிராய் என்றுதான் சொல்வார்களாம். அந்தக் கதை எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாதது என்று நான் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். உண்மையான வெடியைத்தான் சொல்கிறேன், என் காலடியில் இருந்த வெடியைத்தான் சொல்கிறேன் என்று விளங்கப்படுத்த எனக்கு மொழி போதவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

நிலா உயிரோடு எழும்பி நடக்கிறாள், அது போதும். ஆனாலும் அந்த நாளிலிருந்து எனக்குத் தினமும் புதிதாக ஒரு பயம். நிற்கச் சொன்னால் பனி கொல்லும். நடக்கச் சொல்லிப் பழக்கினால், சித்திரைக்கு ஊருக்குப் போக விமான ரிக்கற் எடுத்திருக்கிறோம், அங்கே அப்பாவின் காணிக்குப் பின்னால் இன்னும் துப்புரவாக்கி முடியாத காடு கிடக்கிறது. அங்கே பயந்து நடந்துவிட்டால் என்ன செய்வேன். பயம் வந்தால் என்ன செய்வதென்று ஒரு பிள்ளைக்கு ஒரே விதமாகத்தான் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். இங்கே இருக்கும் மற்றத் தாய்மாரும் பிள்ளைகளுக்கு இரண்டு நாட்டுப் பயத்தையும் எப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்களோ எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பனி கரையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை அவளைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனேன். பெரிய வீதிச் சந்தியில் பாதசாரி விளக்குக்காகக் காத்து நின்றோம். சொல்வதற்கு இதுதான் நேரம் என்று தோன்றியது. இஞ்ச பயம் வந்தால் நிற்கக் கூடாது, வெளிச்சம் எரிகிற பக்கமாக நடக்க வேண்டும், எந்த வீடு என்றாலும் கதவைத் தட்ட வேண்டும் என்று சொன்னேன். அப்படியென்றால் தாத்தா வீட்டில் என்று கேட்டாள். அங்கே அசையாமல் நிற்க வேண்டும் என்றேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, கூட்டல் கழித்தல் வாய்ப்பாடு போல, இஞ்ச நட, அங்க நில், இஞ்ச நட, அங்க நில் என்று சொல்லிப் பார்த்தாள். பிழை விடவில்லை.

விளக்கு மாறியது. கண் தெரியாதவர்களுக்காக இங்கே விளக்கு மாறும்போது குருவி கத்துவது போல ஒரு சத்தம் வரும். அவள் வீதியில் இறங்கி வெள்ளைக் கோட்டில் காலை வைத்தாள். வைத்தபடியே திரும்பிக் கேட்டாள்.

"அம்மா, உங்களுக்குப் பயம் வந்தால் எது?"

அவள் கை என் கையில் இருந்தது. அவள் கீழே கோட்டில், நான் மேலே நடைபாதையில். இருவரின் கைகளும் நீண்டு இழுபட்டு நின்றன. என் கால் எழும்பவில்லை. பிள்ளை கையை இழுக்கவில்லை, விடவும் இல்லை, பதிலுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களைத் தாண்டி எல்லோரும் கடந்துகொண்டிருந்தார்கள். குருவிச் சத்தம் நிற்பதற்குள் நான் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும்.